திருகோணமலை ஆக்கள் நூல் கட்டத்தான் போறாங்களாம்!

உப்புவெளி சுதா: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார், "திருகோணமலையில மனவருத்தத்துக்கு ஒருத்தரும் டொக்டரிட்ட போறதில்ல, நூல் கட்டத்தான் போறாங்க" எண்டு. வாசிச்ச நேரம் துவக்கம் பத்திக்கொண்டு வருது. எங்கட அம்மா நித்திரை இல்லாம சாமம் 2 மணிக்கு எழும்பி குசினியில கழுவின கோப்பையையே திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டு நிப்பா. கிளினிக்குக்கும் கொண்டு போனோம், அம்மன் கோயில்ல நூலும் கட்டினோம். நூல் கட்டி மூண்டாம் நாள் நித்திரை கொண்டா. இதில என்ன கேவலம்?

கோணமலையான்: அது நான்தான் எழுதினது. மூண்டாம் நாள் நித்திரை வந்தது குளிசையால. நூலுக்கு ஏன் பேர் குடுக்கிறீங்க?

ரொறொன்ரோ மாமா: தம்பி, மனச்சோர்வுக் குளிசை பிடிக்க 2 - 4 கிழமை எடுக்கும். ஊர்ச்சனம் இன்னும் தேசிக்காய் வெட்டிக்கொண்டுதான் இருக்கினம்.

உப்புவெளி சுதா: பாத்தீங்களா, மாமாட வாயாலேயே வந்திட்டு! மூண்டாம் நாள் குளிசை இல்லையாம்.

கோணமலையான்: நித்திரைக்கெண்டு வேற குளிசை குடுப்பாங்க அக்கா, அது அண்டைக்கு ராவே வேலை செய்யும்.

கிண்ணியா நானா: எங்கட பக்கம் முதல்ல ஓதித்தான் பாப்பாங்க. 2009ல பாலம் வர முந்தி டவுனுக்குப் போறதெண்டா பாதைக்கு, அதான் ஆக்களை அக்கரைக்கு ஏத்திற மிதவைக்கு, காத்து நிக்கோணும், ஒரு நாள் கூலி போயிரும். ஓதின தண்ணி பக்கத்து வீட்டுலயே கிடைக்கும். அதையும் யோசிச்சுக் கதைங்க.

கோணமலையான்: பாலம் வந்து எத்தின வருசம் நானா? இன்னும் பாதைக் கதையா?

கிண்ணியா நானா: பாலம் போட்டவன் பஸ் காசும் தந்தானா? நீங்க ஒரு நாளாவது அந்தக் கிளினிக் வாங்கில குந்தியிருக்கீங்களா?

ரொறொன்ரோ மாமா: நூல்தான் வைத்தியம் எண்டால் உங்கள் எல்லாரையும் அங்கொடை மனநோய் ஆசுப்பத்திரிக்குத்தான் அனுப்பவேணும்.

உப்புவெளி சுதா: இந்த அங்கொடைப் பகிடியாலதான் மாமா சனம் கிளினிக் வாசல்ல முகத்தை மூடிக்கொண்டு நிக்குது, எங்கட அம்மா கிளினிக் கொப்பிக்கு மேல பேப்பர் சுத்தி மரக்கறிப் பையில வச்சுக்கொண்டுதான் போவா, பக்கத்து வீட்டில கேட்டா பிறஷருக்கு மருந்தெடுக்கப் போறன் எண்டுவா, ஆனா கையில கட்டின நூலை ஒருத்தருக்கும் மறைக்கல, ஏனெண்டா நூலைப் பாத்து ஒருத்தரும் விசர் எண்டு சொல்ல மாட்டாங்க. இது கனடாவில இருக்கிற உங்களுக்கு விளங்காது.

கோணமலையான்: அங்கொடைக்கு ஒருத்தரும் போகத் தேவையில்ல. 2005ல மனநலக் கொள்கை வந்ததே மாவட்டத்துக்குள்ளயே பாக்கிறதுக்குத்தான். சட்டம் மட்டும் இன்னும் 1873ல வெள்ளைக்காரன் போட்டது, அது வேற கதை.

நிலாவெளிப் பெடியன்: சண்டையை விடுங்க. 1926க்கு கோல் பண்ணினா கதைப்பாங்க, தேசிய மனநல நிறுவனத்திட நம்பர்.

உப்புவெளி சுதா: நாங்க நூலைப் பத்திக் கதைக்கிறம், இவர் நம்பர் தாறார்.

கோணமலையான்: சரி அக்கா, ஒண்டு மட்டும் சொல்லுங்க. நூல் கட்டினது என்ன நாள்?

உப்புவெளி சுதா: வெள்ளிக்கிழமை.

கோணமலையான்: கிளினிக்?

உப்புவெளி சுதா: வியாழன். அதுக்கென்ன இப்ப?

ரொறொன்ரோ மாமா: வியாழனோ!! 😂

உப்புவெளி சுதா: நான் நூல்ல இருந்துதான் எண்ணினன். மூண்டாம் நாள் மூண்டாம் நாள்தான். மாமா, உங்கட அம்மாக்கு இஞ்ச ஆர் சோறு குடுக்கிறது எண்டு முதல்ல விசாரிங்க, பிறகு சிரிக்கலாம்.