மச்சான் மட்டக்களப்புச் சிறையில், என்ன செய்யலாம்?

கேள்வி: மச்சானை அடிதடி வழக்கொன்றில் பிடித்து 14 நாள் விளக்கமறியலில் போட்டுவிட்டார்கள். மாமி அழுதபடியே இருக்கிறா. சட்டத்தரணி பிடிக்கக் காசில்லை. வீட்டுச் சாப்பாடாவது கொடுக்கலாமா?

பதில் 1: விளக்கமறியல் ஆட்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று முதலில் வாசலில் கேளுங்கள், அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். பார்சலைக் கிளறித்தான் பார்ப்பார்கள், அதனால் மீன்குழம்பு வேண்டாம், பிட்டும் பொரியலும் போதும்.

பதில் 2: சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்க தம்பி, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். பிணைக்கு நிற்க ஆட்களை இப்பவே பேசி வையுங்கள், கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழும் எடுத்து வைத்தால் நல்லது, வழக்குத் தவணையன்று ஓடித் திரிய முடியாது.

பதில் 3: ‘நான் கதைச்சு எடுத்துத் தாறன்’ என்று வருகிறவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீங்க. உள்ளே அடித்ததாகச் சொன்னால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.