கண்ணன் பாதம் போட்ட கை

என் மகளுக்கு அப்போது ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. கோகுலாஷ்டமியன்று மதியம் அவளையும் மூன்று வயதுத் தம்பியையும் தூங்கவைத்துவிட்டு, அவர்கள் எழுவதற்குள் வாசல் முதல் பூஜை அறை வரை கண்ணன் பாதம் போட்டு முடித்துவிடுவேன். பிள்ளைகள் எழுந்து வரும்போது கண்ணன் நடந்து வந்த தடம் இருக்கும்; வெண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு விரல் பள்ளமும் இருக்கும். பள்ளம் போடுவது என் கணவரின் பொறுப்பு.

அந்த ஆண்டு எல்லாமே தாமதமாகிவிட்டது. உப்புச் சீடை முதல் ஈட்டிலேயே எண்ணெயில் வெடிக்க ஆரம்பித்ததால், மீதி மாவை மறுபடி சலித்துப் பிசைய வேண்டியதாயிற்று. அரைத்த அரிசி மாவுக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்து பாதி தூரம்தான் போட்டிருப்பேன், பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

அவள் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் ஈரம் காயாத கடைசிப் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அதன் நடுவே மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. என் கையைப் பிடித்துத் திருப்பினாள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தில் அதே கோடுகள், மாவு அப்பியபடி.

"அம்மா, கண்ணன் வரவே மாட்டானா?"

அடுப்படியிலிருந்து என் மாமியார், "வருவான் கண்ணு, அம்மா கோலம் போடுகிறாள், நீ போய்ப் படுத்துக்கொள்" என்றார். இந்த வயதில் சொல்லிவிட்டால் பண்டிகையின் ருசியே போய்விடும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால், கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளையிடம் பார்க்கவில்லை என்று சாதிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு மழுப்பினால் நாளைக்கு வேறொன்றை என்னிடம் கேட்கமாட்டாள்.

"பாதம் போடுவது நான்தான். எனக்கு முன்னால் பாட்டி போட்டார். குழந்தைக் கண்ணன் நம் வீட்டுக்கு நடந்து வர வேண்டும் என்று நமக்கு ஆசை. அவனுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகப் பெரியவர்கள் போடுவது இது. இனிமேல் உனக்கும் தெரியும். தம்பிக்குத் தெரியாது."

உதடு பிதுங்கி அழப்போனவள், கடைசி வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "எப்படிப் போடுவது?"

சொல்லிக்கொடுத்தேன். கையை மூடிக்கொண்டு சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்ற வேண்டும். வலது கை வலது பாதம், இடது கை இடது பாதம். பிறகு விரல் நுனியால் ஐந்து பொட்டு. கட்டைவிரலுக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக. பாதம் உள்நோக்கி இருக்க வேண்டும்; நாம் பூஜை அறையில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து வாசலில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டதை நாமே மிதித்துவிடுவோம்.

முதல் இரண்டும் நீர்த்துப் பரவிவிட்டன. மூன்றாவது அப்படியே வந்தது. என் கை போட்டது நடை பழகிய பிள்ளையின் கால் என்றால், அவள் கை போட்டது அன்று பிறந்த பிள்ளையின் கால். நான் கிண்ணத்தை மட்டும் நகர்த்திக்கொண்டு போனேன். கூடத்தின் பாதியிலிருந்து வாசற்படி வரை முழுக்க அவளே போட்டாள். முடித்த கையோடு அப்பாவிடம் போய், வெண்ணெய்ப் பள்ளமும் இனி என் வேலை என்று சொல்லிவிட்டாள்.

தம்பி எழுந்து வந்தான். வாசலில் குந்தி, ஒவ்வொரு பாதமாகத் தொடாமல் எண்ணிக்கொண்டே உள்ளே வந்தவன் கூடத்தின் நடுவே நின்றுவிட்டான்.

"அக்கா, அங்கே கால் சின்னதாக இருக்கிறது. இங்கே ஏன் பெரிதாக இருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் மாவு காய்ந்த கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "வாசலில் நுழையும்போது அவன் குட்டிப் பாப்பா. இங்கே வருவதற்குள் வளர்ந்துவிட்டான்."