ஒசாகாவில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினாலு தட்டு

முத்துநகரான்:

வேலை விஷயமாக ஒசாகா போய் மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிரிவு கச்சோ வந்து, இன்றைக்கு இசகாயா போகிறோம் என்றார். கச்சோ என்பது பதவி. அங்கே மேலதிகாரியைப் பெரும்பாலும் அந்தப் பதவியைச் சொல்லியேதான் கூப்பிடுவார்கள், நம் ஊர் 'சார்' மாதிரி. இசகாயா என்றால் குடியும் சாப்பாடும் சரிபாதியாக நடக்கிற கடை. ஆளுக்கொரு தட்டு என்கிற பேச்சே இல்லை. சின்னச் சின்னத் தட்டாக வந்துகொண்டே இருக்கும், எல்லோரும் எல்லாவற்றிலும் கை வைக்கலாம்.

தென்மா ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்து. 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைவீதி ஒன்று அங்கே போகிறது, தென்ஜின்பாஷிசுஜி என்று பெயர், ஜப்பானிலேயே நீளமானது. அதிலிருந்து ஒதுங்கி நாங்கள் போன கடையில் நெருக்கி உட்கார்ந்தால் பதினைந்து பேர். கதவைத் தள்ளியதும் உள்ளே வேலை செய்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் 'இராஷ்ஷாய்மாசே', அதாவது 'வாங்க வாங்க' என்று கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார்ந்ததும் ஆவி பறக்கும் ஈரத் துண்டு வந்தது. கை துடைக்கத்தான் அது. நான் முகத்தையும் துடைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கச்சோவும் துடைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் பிழைத்தேன்.

அடுத்து யாரும் கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த கீரை. இலவசம் என்று நினைத்து இரண்டே வாயில் முடித்தேன். அது இலவசம் இல்லை, உட்காரும் கட்டணம் மாதிரி பில்லில் ஏறும். டோக்கியோவில் ஒதோஷி என்பார்களாம், ஒசாகாவில் ட்சுகிதாஷி. முதல் தடவை போகிறவர்கள் பில்லைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம், வழக்கமே அதுதான்.

நான் குடிப்பதில்லை. ஊலாங் டீ சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. டீ கிளாஸையே தூக்கி 'கம்பாய்' (அவர்கள் ஊர் 'சியர்ஸ்') சொன்னேன், செல்லுபடியானது.

பச்சை மீன் வந்தது. வசாபி என்கிற காரமான பச்சை விழுதைப் புதினா சட்னி என்று அள்ளி வாயில் போட்ட கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும், என்னிடம் இல்லை, மன்னிக்கவும். வெள்ளை மீனில் ஆரம்பித்துக் கொழுப்புள்ள சூரையில் முடி என்றார் கச்சோ. மாற்றிச் சாப்பிட்டால் வெள்ளை மீனின் ருசி தெரியாமலே போய்விடுமாம். கடல் பக்கத்து ஆள் என்பதால் எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, ஆனால் பெரிய பரவசமும் இல்லை. உப்பில் போட்டு வினிகரில் ஊறவைத்த அயிலை மட்டும் பிடித்தது. கணவாய் பல்லோடு மல்லுக்கு நின்றது.

ஒரு தப்பு செய்தேன். கச்சோ தன் குச்சியால் ஒரு துண்டு மீனை எடுத்து என் பக்கம் நீட்டினார், என் தட்டில் வைப்பதற்காக. நான் முந்திக்கொண்டு என் குச்சியால் அதைப் பிடிக்கப் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அவரே மெதுவாக விளக்கினார். தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் குச்சியால் எலும்பை எடுத்துக் கலசத்தில் போடுவார்களாம். குச்சியிலிருந்து குச்சிக்கு ஒன்று கைமாறுவது அந்த ஒரு வேளையில்தான். கால் எலும்பில் தொடங்கித் தலை நோக்கிப் போக வேண்டும், கலசத்தில் இருப்பவர் தலைகீழாக நிற்கக் கூடாது என்பதற்காக. தாத்தாவின் காடாற்றில் பாலைத் தெளித்துவிட்டு நான் எலும்பு பொறுக்கியிருக்கிறேன் என்று சொன்னேன். 'கையாலா?' என்று கேட்டார். கையால்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த மீனை என் தட்டில் வைத்து, சாப்பிடு என்றார்.

இதற்கு அடுத்து வந்த தட்டுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அகெதாஷி தோஃபு. மாவில் புரட்டிப் பொரித்த தோஃபு (சோயா பன்னீர்), அடியில் கண்ணாடி மாதிரி ஒரு சாறு, மேலே மரத்தூள் நிறத்தில் மெல்லிய சீவல்கள். சூட்டில் அந்தச் சீவல்கள் உயிருள்ளவை போல நெளிந்தன. பார்க்க வேடிக்கைதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வாசனை. புகை, கருவாடு, கூடவே ஏதோ ஒரு இனிப்பு. ஆச்சி வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது.

இது என்ன என்று கேட்டதற்கு கச்சோ கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் உள்ளே போய்க் கருப்பாக ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். மேஜையில் தட்டிக் காட்டினார். 'டக் டக்' என்று விறகுச் சத்தம். கூடவே ஒரு மரப்பெட்டி, தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துவைத்த மாதிரி, மேலே ஒரு கத்தி. கட்டையை அதில் தேய்த்ததும் உள்ளே சீவல் விழுந்தது. கத்சுவோபுஷி என்றார். செல்போனில் மீன் படத்தைத் தேடிக் காட்டினார். சூரை!

சூரையை அவித்து, முள் எடுத்து, நாள் கணக்கில் புகை போட்டுக் காயவைப்பது. அட, எங்கள் மாசிதானே! மாலத்தீவிலும் மினிக்காயிலும் இலங்கையிலும் தூத்துக்குடியிலும் அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கிற அதே மீன். ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி பிடிக்கவிட்டு, மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். நாம் உரலில் இடிக்கிறோம், அவர்கள் சீவுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த எதைத் தொட்டாலும் அதே ருசி அடியில் ஓடியது. முட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் போட்ட ஆம்லெட், பிட்டால் சாறு கசிகிறது. ஆவியில் அவித்த முட்டைக் கிண்ணம், சவன்முஷி, ஸ்பூன் போட்டால் அப்படியே நடுங்கும், அடியில் ஒரு இறாலும் மஞ்சள் நிறத்தில் ஒரு கிங்கோ கொட்டையும் ஒளிந்திருக்கும். பெரிய சட்டியில் காலையிலிருந்து கொதிக்கிற முள்ளங்கி. ஒடென் என்று பெயர், ஒசாகா பெரியவர்கள் மட்டும் 'கந்தோ-தாகி' என்கிறார்கள். நம் வீட்டில் சாம்பாரில் முள்ளங்கி கிடந்தால் ஒதுக்கிவைக்கிற ஆள் நான். அங்கே இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். தெம்புரா வந்தது, போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன பழக்கம் என்பார்கள். பஜ்ஜியின் சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டுக்கொள்ள வந்த கிண்ணத்திலும் அதே சாறு.

அந்தச் சாறுக்கு தாஷி என்று பெயர். மாசிச் சீவலும் கொம்பு என்கிற கடற்பாசியும் சேர்ந்தது. கொம்பு வடக்கே ஹொக்கைடோவில் விளைகிறது, அந்தக் காலத்தில் கப்பலில் ஒசாகாவுக்கு வந்து இறங்கியது, அதனால் ஒசாகா தாஷியில் கொம்பின் கை ஓங்கியிருக்கும் என்றார் கச்சோ. இந்தக் கொம்பிலிருந்துதான் 1908இல் இகேதா கிகுனாயே என்ற டோக்கியோ பேராசிரியர் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோ என்று கடைக்கு வந்துவிட்டது. கொம்பில் இருப்பதும் மாசியில் இருப்பதும் சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

கரியில் சுட்ட கோழி (தோல், இதயம், வால் நுனி எல்லாம் தனித்தனிக் குச்சி) பற்றி எழுதப் போனால் விடிந்துவிடும். வால் நுனியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் வயிறு முட்டிய பிறகு ஒரு கிண்ணம் சோறு வந்தது, மேலே சுடச்சுட தாஷி ஊற்றி, ஒரு உப்புப் பிளம் வைத்து. விருந்தில் பாயசம், வடை எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கை ரசம் சோறு கேட்போமே, அதே இடம். தலைக்கு 4,500 யென் ஆனது. டிப்ஸ் வைக்கப் போனேன், கடைக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு தெருவரைக்கும் துரத்திவந்து திருப்பிக் கொடுத்தார்.

சைவப்பட்சி:

நீங்கள் கொண்டாடுகிற அதே தாஷிதான் எனக்கு எமன். டோக்கியோவில் இரண்டு வருஷம் இருந்தேன். 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தால், சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கத்திரிக்காய் வறுவல் கொண்டுவருவார்கள், அதன் மேல் சீவல் நடனம் ஆடும். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, உப்பு மாதிரி. கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவ்வளவு மரியாதையாகக் கொண்டுவைக்கிறார்கள். 'கத்சுவோ தாஷியும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மிசோ சூப்பிலும் அதேதான், சோபா நூடுல்ஸ் சாற்றிலும் அதேதான்.

நிம்மதியாகச் சாப்பிட்டது கோயா மலையில். அங்கே பௌத்தக் கோயில்களில் தங்கலாம், இரவும் காலையும் துறவிகள் சமைப்பதுதான் சாப்பாடு. ஷோஜின் ரியோரி என்று பெயர். மீன் கிடையாது, முட்டை கிடையாது. தாஷிகூட கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் போட்டுத்தான். வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள். திவசச் சமையல் செய்கிற என் மாமியார் வந்திருந்தால் அடுப்படிக்கே போய்ப் பேச்சுக் கொடுத்திருப்பார். சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் ஏழெட்டு வகை. எள்ளை அரைத்து வடிகட்டி, ஒரு கிழங்கு மாவோடு கிண்டிய 'எள்ளுத் தோஃபு' வாயில் வைத்ததும் கரைந்தது. நல்லெண்ணெய் ஊரிலிருந்து போன எனக்கு, எள்ளை இப்படியும் செய்யலாம் என்று இத்தனை நாள் தோன்றவில்லையே என்று இருந்தது.

கோவைத் தம்பி:

ஒசாகா போய் குஷிகாத்சு சாப்பிடாமலா வந்தீங்க அண்ணே? குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. தாமரைக்கிழங்கு, காடை முட்டை, இறால் எல்லாம் வரும். சாஸ் பொதுப் பாத்திரத்தில் இருக்கும், ஒரே ஒரு தடவைதான் முக்கலாம். கடித்துவிட்டு மறுபடி முக்கினால் தொலைந்தோம், சுவரெல்லாம் எழுதிப்போட்டிருப்பார்கள். எச்சில் பார்ப்பதில் நம் பாட்டிகளைத் தோற்கடித்துவிடுவார்கள். இன்னும் சாஸ் வேண்டுமென்றால் பச்சை முட்டைக்கோஸ் இலை வைத்திருப்பார்கள், அதால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் பாட்டிலில் வைத்துவிட்டார்கள். பாதிச் சுவாரசியம் போச்சு.

அப்புறம் தாகோயாகி. குழிப்பணியாரக் கல்லேதான், உள்ளே பேய்க்கணவாய்த் துண்டு. ஆறவிட்டுக் கடிங்க. எனக்கு மேலண்ணம் வெந்து மூன்று நாள் காப்பி குடிக்க முடியவில்லை.

சைவப்பட்சி:

நத்தோ, அந்தப் புளிக்கவைத்த சோயாமொச்சை, யாரும் சாப்பிடவில்லையா? நூல் நூலாக இழுக்குமே.

முத்துநகரான்:

கச்சோவிடம் கேட்டேன். 'அதெல்லாம் கிழக்கத்திக்காரர்கள் சாப்பிடுவது' என்று முகத்தைச் சுளித்தார். சரி, நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வரும்போது ஒரு பாக்கெட் சீவல் வாங்கி வந்தேன், அம்மாவுக்கு. பிரித்து முகர்ந்து பார்த்தாள். 'மாசிதான்' என்றாள் உடனே. இரண்டு விரலால் ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'ஏம்ல, இதை இப்படிச் சீவிப் போட்டா மணம் எப்படில நிக்கும்?' என்று கேட்டாள். நான் தாஷி வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வத்தலும் தேங்காயும் அம்மிக்குப் போய்விட்டன. மத்தியானம் துவையல்.