சனிக்கிழமை ட்யூஷன் நடத்துறோம், பிள்ளைங்க மெட்ரிக் (கிரேடு 12) பாஸ் ஆகுறாங்க, ஆனா யுனிவர்சிட்டி போய்ச் சேர மாட்டேங்குறாங்க. யோசனை சொல்லுங்க

மழைக்குருவி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. நான் ஊர்லேர்ந்து இங்க வேலைக்கு வந்து அப்படியே தங்கிட்டவ. சாட்ஸ்வொர்த்துல ஒரு கோயில் ஹால்ல நாங்க சில பேர் சேர்ந்து சனிக்கிழமை காலையில ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு மேத்ஸ், ஃபிசிக்கல் சயின்ஸ் சொல்லித் தர்றோம், காசு எதுவும் வாங்குறதில்ல. பாதி நம்ம பிள்ளைங்க, மீதி உம்லாசி, வெல்பெடாக்ட் பக்கமிருந்து டாக்ஸி புடிச்சு வர்ற ஜூலு பிள்ளைங்க. க்ளாஸ் முடிஞ்சதும் ஒரு அம்மா பீன்ஸ் பன்னி சவ் (ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்துறது) செஞ்சு தருவாங்க, அதுக்காகவே வர்ற பையனும் உண்டு, வரட்டும், வெறும் வயித்தோட உக்காந்தா ட்ரிக்னாமெட்ரி யார் தலையிலயும் ஏறாது.

பிரச்சனை என்னன்னா பிள்ளைங்க பாஸ் பண்றாங்க, சில பேர் டிகிரி படிக்கத் தகுதியான பேச்சலர்ஸ் பாஸே வாங்குறாங்க, ஆனா பிப்ரவரி மாசம் யுனிவர்சிட்டி தொறக்குறப்போ பார்த்தா அப்படிப் பாஸான ஒரு பொண்ணு சூப்பர்மார்க்கெட் டில்லுல பில் போட்டுட்டு நிக்கிது. ஏம்மா என்னாச்சுன்னு கேட்டா "ரிசல்ட் வந்தப்புறம் அப்ளை பண்ணலாம்னு நெனச்சேன் ஆன்ட்டி"ங்குது. இன்னொருத்தன் நல்ல மார்க், ஆனா எடுத்தது மேத்ஸ் லிட் (அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித் தர்ற பாடம்), அவனுக்கு வேண்டியது இன்ஜினியரிங், அதுக்கு முழு மேத்ஸ் வேணும். மனசு ஆறவே மாட்டேங்குது எனக்கு.

இப்போ ஒரு பெரியவர் கொஞ்சம் பணம் தர்றேன்னு முன்வந்திருக்கார். கமிட்டில ஒரு தரப்பு லேப்டாப் வாங்கலாம்ங்குது, இன்னொரு தரப்பு முதல் மார்க் எடுக்குற ரெண்டு பேருக்கு பர்சரி (படிப்பு உதவித்தொகை) குடுக்கலாம்ங்குது. எனக்கு ரெண்டுமே சரியாப் படல, ஆனா வேற என்னன்னு சொல்லத் தெரியல. இந்த மாதிரி வேலை செஞ்சவங்க, இல்ல இப்படி ஒரு உதவியில படிச்சு மேல வந்தவங்க சொல்லுங்க.

பழைய வாத்தியார் (ஃபீனிக்ஸ், டர்பன்):

தங்கச்சி, உங்களுக்கும் அந்த பன்னி சவ் செஞ்சு தர்ற அம்மாவுக்கும் முதல்ல ஒரு கும்பிடு. நான் இங்கயே பொறந்தவன், ரொம்ப வருஷம் மேத்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க பிள்ளையை கிரேடு 12-ல புடிக்கிறீங்க, ஆனா பாதி விஷயம் கிரேடு 9 முடியறப்பவே முடிவாயிடுது. அப்போதான் மேத்ஸா மேத்ஸ் லிட்டான்னு எழுதிக் குடுக்கணும். 2006-ல மேத்ஸ் லிட் கொண்டு வந்தப்போ நோக்கம் நல்ல நோக்கம்தான், அதுக்கு முன்னாடி கணக்கே எடுக்காம ஸ்கூல் முடிச்சவங்க எத்தனையோ பேர், வட்டி, பட்ஜெட், அளவு இதாவது தெரிஞ்சுக்கட்டும்னு கொண்டாந்தாங்க. ஆனா ஸ்கூலுக்கு மெட்ரிக் பாஸ் பர்சென்டேஜ்தான் மானம் மரியாதை எல்லாம். அதனால கணக்குல 40, 45 வாங்குற பிள்ளைய, ரெண்டு டெர்ம் நல்லா சொல்லிக் குடுத்தா 60-க்கு வந்துடுற பிள்ளைய, உனக்கு லிட்தான் சரின்னு தள்ளி விட்டுடுற ஸ்கூலும் இருக்கு. அது லிட்ல 80 வாங்கும், வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், ஆனா இன்ஜினியரிங், மெடிசின், சி.ஏ. எல்லாம் கைவிட்டுப் போச்சு. மேத்ஸ்லேர்ந்து லிட்டுக்கு எறங்குறது சுலபம், லிட்லேர்ந்து திரும்பி ஏறுறது கிரேடு 11 வந்துட்டா கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அதனால மூணாவது டெர்ம்ல கிரேடு 9 பிள்ளைங்களையும் அவங்க தாய் தகப்பனையும் ஹாலுக்குக் கூப்பிடுங்க. பெரிய மீட்டிங் வேணாம், ஒரு குடும்பத்தோட தனியா உக்காந்து ரிப்போர்ட் கார்டை விரிச்சு வெச்சு, இந்தப் பாடம் எடுத்தா இந்தப் படிப்பு, இதை விட்டா இது கிடையாதுன்னு சொல்லுங்க. கேப் டவுன்ல 2004-ல ஆரம்பிச்ச லீப் ஸ்கூல் இருக்கே, டவுன்ஷிப் (ஏழைக் குடியிருப்பு) பிள்ளைங்களுக்குன்னே நடத்துறாங்க, அங்க வர்ற எல்லாருமே மேத்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும் எடுத்தே ஆகணும், ஸ்கூல் நேரமும் மத்த இடத்தைவிட நீளம். பிள்ளையால முடியும்னு முதல்லயே நம்பிட்டு ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அதுதான் புடிச்சது.

பர்சரி பத்தி: முதல் மார்க் எடுக்குறவனுக்கு யாராவது குடுத்துடுவாங்க. நம்ம முன்னோருங்க காசு சேத்தது ஒரு பிள்ளைக்காக இல்ல. சீனிவாச சாஸ்திரி இந்தியாவோட ஏஜென்ட்டா 1927-ல இங்க வந்தப்போ நம்ம பிள்ளைங்க ஹைஸ்கூல் படிப்பை முழுசா முடிக்க சரியான இடமே கிடையாது, ஜனங்ககிட்ட காசு வசூல் பண்ணித்தான் 1929-ல டர்பன்ல சாஸ்திரி காலேஜ் தொறந்தாங்க. 1890-ல கொல்லத்துலேர்ந்து ஒப்பந்தக் கூலியா வந்த எம்.எல். சுல்தான் குடுத்த பணத்துலதான் அவர் பேர்ல டெக்னிக்கல் காலேஜ் வந்துச்சு, இன்னிக்கு டியூடிங்குற டர்பன் டெக்னாலஜி யுனிவர்சிட்டில சேர்ந்திருக்குறது அதுதான். கரும்புத் தோட்டத்துல வெயில்ல நின்னவங்க பேரப் பிள்ளைங்க அங்கதான் படிச்சாங்க. எல்லாரும் நடக்குற பாதைக்கு செலவு பண்ணுங்கம்மா.

கடலோரம்:

அக்கா, நான் டர்பன்லதான், காலேஜ் படிக்கும்போதே செஸ்டர்வில்ல இகாம்வா யூத்ல வாலன்டியரா போய் சொல்லிக் குடுத்திருக்கேன். 2003-ல கேப் டவுன் கயேலிட்சாவுல ஆரம்பிச்ச அமைப்பு அது, ஸ்கூல் விட்டதும் க்ளாஸ், சனிக்கிழமை க்ளாஸ், லீவுல வின்டர் ஸ்கூல், எல்லாம் ஃப்ரீ, ஆனா 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லேன்னா இடம் போயிடும். அங்க படிச்சு யுனிவர்சிட்டி போனவங்களே திரும்பி வந்து சொல்லித் தர்றாங்க, அதைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைங்க முகத்துல வர்ற தெளிவு இருக்கே, நம்ம எத்தனை மோட்டிவேஷன் ஸ்பீச் குடுத்தாலும் வராது.

ஆனா உங்க கேள்விக்கு என் பதில் அப்ளிகேஷன்தான். நம்ம க்வாஸுலு-நட்டால் மாகாணத்துல யூகேஇசட்என், டியூடி, மாங்கோசுத்து, ஜூலுலாண்ட்னு நாலு யுனிவர்சிட்டிக்கும் சேர்த்து சிஏஓ-ன்னு ஒரே அப்ளிகேஷன் ஃபார்ம், பெரும்பாலான கோர்ஸுக்கு செப்டம்பர் 30-ஓட முடியும், அதுக்கப்புறம் லேட் ஃபீஸ், நல்ல கோர்ஸ் எல்லாம் நெறைஞ்சிருக்கும். பார்க்கிறது கிரேடு 11 மார்க்கை. இதுதான் பிள்ளைங்களுக்குத் தெரியறதில்ல, ரிசல்ட் வந்து ஜனவரில பார்த்துக்கலாம்னு உக்காந்திருக்காங்க. அப்புறம் என்எஸ்ஃபாஸ், அரசாங்கத்தோட படிப்பு உதவித்தொகை, அது தனி அப்ளிகேஷன், யுனிவர்சிட்டில இடம் கெடைச்சாலே பணம் வந்துடும்னு நெனைக்கிற பிள்ளைங்க நெறைய. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள்ள இருந்தா ஃபீஸ், தங்குற இடம், சாப்பாடு, புக்ஸ் எல்லாத்துக்கும் கெடைக்கும், சாசா க்ராண்ட் (அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குத் தர்ற உதவிப் பணம்) வாங்குற பிள்ளைன்னா வருமானத்தைத் தனியா காட்டணும்னு கூட இல்ல.

ஒரு சின்ன விஷயம், ஆனா எத்தனை பேரைக் கவுத்திருக்கு தெரியுமா. ஓடிபி ஃபோனுக்குத்தான் வரும். பிள்ளைங்க எந்த நெட்வொர்க்ல டேட்டா சீப்போ அந்த சிம்மைப் போடுவாங்க, பழசைத் தூக்கிப் போட்டுடுவாங்க, இல்லேன்னா பாட்டி நம்பரைக் குடுத்திருப்பாங்க, பாட்டி ஃபோன் தொலைஞ்சிருக்கும். டிசம்பர்ல "இந்த டாக்குமென்ட் குறையுது"ன்னு மெசேஜ் வரும், படிக்க ஆள் இல்ல, அப்ளிகேஷன் ரிஜெக்ட். அதனால கிரேடு 11-லயே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமா ஒரு சிம், ஒரு இமெயில், அதை மெட்ரிக் முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுங்க. பாஸ்வேர்டு பிள்ளைகிட்டதான் இருக்கணும், நம்ம வாங்கி வெச்சுக்கக் கூடாது. அப்புறம் ஐடி கார்டு. 16 வயசுல ஹோம் அஃபேர்ஸ்ல முதல் ஐடி ஃப்ரீதான், ஆனா கிரேடு 12 வரைக்கும் எடுக்காத பிள்ளைங்க இருக்காங்க, பர்த் சர்டிஃபிகேட்லயே சிக்கல் இருக்கும், அதைச் சரி பண்ணவே மாசக்கணக்குல ஆகும்.

லேப்டாப் ரெண்டோ மூணோ ஹால்ல இருந்தாப் போதும்க்கா. வைஃபை, ஒரு ப்ரின்டர், அப்ளிகேஷன் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு அந்த ஃபீஸ், இதுக்கு வெச்சுக்கோங்க பணத்தை.

அப்பாவும் அம்மாவும்:

என் மனசுல இருக்கிறதை சொல்லிடுறேன், யாரும் கோவிச்சுக்காதீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு இந்த என்எஸ்ஃபாஸ் எல்லாம் தருவாங்களா? எங்க தெருவுல யாரும் அப்ளை பண்றதே இல்ல, அதெல்லாம் நமக்கு இல்லன்னு சொல்றாங்க.

கடலோரம்:

அண்ணா, என்எஸ்ஃபாஸ் பார்க்கிறது குடியுரிமையும் வருமானமும்தான், நிறம் இல்ல. மெடிசின் சீட்டு தேர்வு வேற கதை, அதையும் இதையும் கலந்து பேசிப் பேசித்தான் நம்ம தெருவுல இந்த எண்ணம் வந்துடுச்சு. தயவு செஞ்சு உங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அப்பா இல்லாம அம்மா மட்டும் ஃபேக்டரி வேலைக்குப் போற எத்தனை வீடு இருக்கு சாட்ஸ்வொர்த்துல, அந்தப் பிள்ளைங்க அப்ளை பண்ணாம இருக்கிறதை நெனச்சா வயிறு எரியுது.

வானம்பாடி (லெனேசியா, ஜொகனஸ்பர்க்):

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்துக்காரி, இஞ்ச வந்து கனகாலம். மேல எல்லாரும் சொன்னது சரி, ஆனா உள்ளுக்குப் போன பிறகு என்ன நடக்குது எண்டதையும் பாக்க வேணும். என்ட மகள் படிக்கேக்க அவவோட றூம்ல இருந்த பிள்ளை லிம்போபோவில ஒரு கிராமத்துப் பிள்ளை, கெட்டிக்காரி. முதல் கிழமை அவளிட்ட ஒரு போர்வையும் இல்லை, ஒரு சட்டியும் இல்லை, அலவன்ஸ் வர இன்னும் நாள் கிடக்குது. வெக்கத்தில ஒருத்தரிட்டயும் கேக்காமல் தேத்தண்ணியும் பாணும் சாப்பிட்டுக்கொண்டு லெக்சருக்குப் போனவள். நாங்கள் பார்சல் கட்டி அனுப்பினம், தப்பினாள். ஒருத்தரும் அனுப்பாத பிள்ளையள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்கள், அதை ஆரும் கணக்கில எடுக்கிறதில்லை.

உங்கட நட்டால்லயே உம்தோம்போ எண்டு ஒரு ஃபவுண்டேஷன் இருக்கு, இங்வாவுமாவில மொஸ்வோல்ட் ஆஸ்பத்திரியில 1990கள் கடைசியில துவங்கினது. டொக்டர்மார் அந்தக் கிராமத்துக்கு வந்து நிக்க மாட்டினம், அப்ப அந்தக் கிராமத்துப் பிள்ளையளையே டொக்டராக்குவம் எண்டு யோசிச்சவை. காசு மட்டும் குடுக்கிறதில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மென்டர், லீவில ஊர் ஆஸ்பத்திரியில வந்து வேலை செய்ய வேணும், படிப்பு முடிச்சுப்போட்டு படிச்ச வருஷத்துக்கு ஏத்தமாதிரி அங்கயே வேலை. அந்த மென்டர் விஷயத்தை நீங்களும் செய்யலாம், பெரிசா ஒண்டும் வேணாம், பெப்ரவரியிலயிருந்து ஜூன் வரைக்கும் ஒருத்தர் கிழமைக்கு ஒருக்கா ஃபோன் எடுத்து சாப்பிட்டியா, டெஸ்ட் என்ன மாதிரி எண்டு கேட்டாலே போதும். அந்தப் பணத்தில ஒரு பங்கை முதல் மாசத்துக்கு ஒதுக்குங்கோ: போர்வை, சட்டி, டாக்ஸி காசு.

இன்னொண்டு, 3,50,000-க்கு மேல 6,00,000 வரைக்கும் வருமானம் உள்ள வீடுகளை மறந்திடாதேங்கோ. தாய் டீச்சர், தகப்பன் ட்ரைவர் எண்டால் என்எஸ்ஃபாஸ் பர்சரியும் இல்லை, கட்டவும் காசு இல்லை. டொக்டர், இன்ஜினியர், அக்கவுன்டிங் மாதிரிப் படிப்புக்கு இகுசாசா எண்டு ஒரு திட்டம் இவைக்கெண்டே இருக்கு. டீச்சராகப் போற பிள்ளைக்கு ஃபுன்சா லுஷாகா பர்சரி, எத்தனை வருஷம் பர்சரி எடுத்ததோ அத்தனை வருஷம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்க வேணும், அவ்வளவுதான்.

மழைக்குருவி:

வாத்தியார் ஐயா, வானம்பாடி அக்கா, கடலோரம், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போர்வை, சட்டி விஷயம் படிச்சு அழுகையே வந்துடுச்சு. கமிட்டில நேத்தே பேசிட்டேன், பர்சரி வேணாம்னு ஒத்துக்கிட்டாங்க, இந்த வருஷம் கிரேடு 9 குடும்பங்களைக் கூப்பிடப் போறோம். ஒரே ஒரு கேள்வி. இப்போ கிரேடு 12-ல ஒரு பொண்ணு, பாட்டிகூட இருக்கா, அம்மா இறந்துட்டாங்க, அப்பா யாருன்னே தெரியாது. ஃபார்ம்ல பெத்தவங்க ஐடி கேட்டதும் அப்படியே மூடி வெச்சுட்டா. அவளுக்கு என்ன செய்ய?

கடலோரம்:

மூட விடாதீங்கக்கா, இவளை மாதிரி பிள்ளைங்களுக்குன்னே வல்னரபிள் சைல்ட் டிக்ளரேஷன்னு ஒரு ஃபார்ம் என்எஸ்ஃபாஸ்ல இருக்கு, சோஷியல் வொர்க்கர் கையெழுத்துப் போடணும். அம்மாவோட டெத் சர்டிஃபிகேட், பாட்டி ஐடி, சாசா பேப்பர் இருந்தா அதையும் எடுத்துக்கோங்க, காப்பி எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்லயே காசில்லாம சர்டிஃபை பண்ணித் தருவாங்க, மூணு மாசத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது. சோஷியல் வொர்க்கர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு யாராவது ஒருத்தர் அவகூடப் போங்க, தனியா அனுப்பாதீங்க.

அப்புறம் உங்க வாலன்டியர்ஸ் எல்லாரும் ஃபார்ம் 30 போட்டாச்சா? பிள்ளைங்ககூட வேலை செய்யறவங்க பேர் சைல்ட் ப்ரொடெக்ஷன் ரிஜிஸ்டர்ல (பிள்ளைங்ககூட வேலை செய்யத் தகுதியில்லாதவங்க பட்டியல்) இல்லைன்னு சர்டிஃபிகேட் வாங்கணும். பணம் தர்ற பெரியவருக்கு டேக்ஸ்ல கழிவு கெடைக்க 18ஏ ரசீது குடுக்கணும்னா சார்ஸ்ல (டேக்ஸ் ஆபீஸ்) பிபிஓங்குற பொதுநல அமைப்பு அப்ரூவலும், அதோட 18ஏ அப்ரூவலும் வாங்கணும். ரெண்டுமே வந்து சேர நாளாகும், இந்த வாரமே ஆரம்பிச்சுடுங்க.