புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் சிறுகதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன் முதல் சிறுகதையைப் படிக்கக் கொடுத்திருக்கிறாள், மனம் நோகாமல் எப்படிக் கருத்துச் சொல்வது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. முதலில் பாராட்டுங்கள் என்று பலர் சொன்னீர்கள். சரிதான், ஆனால் வெறும் "நல்லா இருக்கு" எழுதுகிறவருக்கு எதற்கும் உதவாது. எந்த வரி, ஏன் என்று சொன்னால்தான் அடுத்த கதையிலும் அதைச் செய்வார். கதை ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் அவள் பாட்டியைப் பற்றியது. பாட்டி மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போடும் இடத்தில் அந்த வாடையே எனக்கு வந்தது, அதைச் சொன்னேன்.

அப்புறம், பாட்டி உச்சி வெயிலில் பால் வெட்டப் போவதாக எழுதியிருந்தாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் விடியும் முன்பே நெற்றி விளக்கோடு போவார்கள். நான் திருத்தவில்லை, "பாட்டி எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் போய்ப் பாட்டியிடமே விசாரித்து, இருட்டில் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசை) நிற்கும் காட்சியாக மாற்றிவிட்டாள். நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது என் காட்சியாகப் போயிருக்கும்.

கடைசிப் பத்தி பாட்டியின் தியாகத்தை விளக்குகிறது, கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றேன். "அதுதாங்க்கா எனக்குப் பிடிச்ச பத்தி" என்றாள். கதை அவளுடையது, இருக்கட்டும். எழுத்துப்பிழைகளை இப்போதைக்குத் தொடவில்லை, பத்திகளே இன்னும் மாறும்போது ஒற்று பார்ப்பது வீண் வேலை. அடுத்த வாரம் அவள் வாய்விட்டுப் படிக்க, நான் கேட்கப் போகிறேன்.