ஹோம்ஸ் ஸ்டீரியோஸ்கோப்: பழைய லென்ஸைக் கழற்றலாமா?

குடந்தைவாசி:
பரணில் ஒரு கை ஸ்டீரியோஸ்கோப் கிடைத்தது, அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு படங்களை ஆழத்தோடு ஒரே படமாகக் காட்டும் கருவி. ஹோம்ஸ் வகை: முகத்தில் பொருந்தும் தகர மறைப்பு, மரக் கைப்பிடி, அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தும் சட்டம். கோபுரப் படத்தைப் பார்த்தால் வானத்தை ஒட்டிய ஓரத்தில் நீலமும் ஆரஞ்சுமாகக் கோடு தெரிகிறது. ஒரு லென்ஸுக்குள் சின்னக் குமிழி வேறு. கொஞ்ச நேரத்தில் கண்ணும் வலிக்கிறது. புது லென்ஸ் போட்டுவிடலாமா?

திருவாரூர்த்தேர்:
யோசிக்காமல் மாற்றுங்கள். எல்லார் வீட்டுக்கும் போகட்டும் என்று 1861இல் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எளிமையாக வடிவமைத்த சாமான் அது. காப்புரிமைகூட வாங்கவில்லை. ஆளாளுக்குச் செய்து விற்றார்கள், லென்ஸும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். பழசென்றால் உசத்தி என்பது உங்கள் ஊர்ப் பித்தளைக் குத்துவிளக்குக்கு வேண்டுமானால் பொருந்தும். அக்ரிலிக் லென்ஸ் போடுங்கள், பளிச்சென்று இருக்கும்.

காவிரிக்கரை:
தேர் அண்ணே, கொஞ்சம் நில்லுங்கள். அது சும்மா பூதக்கண்ணாடி இல்லை. குவிலென்ஸும் பட்டகமும் ஒன்றாகச் சேர்ந்த வில்லை. 1849இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ப்ரூஸ்டர் அரை லென்ஸ்களை வைத்துக் காட்டிய வழி. அட்டையில் இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சுமார் 8 செ.மீ. இருக்கும். நம் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 6.3 செ.மீ.தான். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது பட்டகம். நீங்கள் சொல்லும் வட்ட அக்ரிலிக் வில்லையை அதே இடத்தில் மாட்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டிவரும். தலைவலிதான் மிச்சம்.

மன்னைக் கண்ணாடிக்கடை:
அக்ரிலிக் போட்டாலும் அந்தக் கோடு போகாது. நிறங்களைப் பிரிப்பதில் அக்ரிலிக்குக்கும் சாதாரண கிரவுன் கண்ணாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோடு வருவது பட்டக வடிவத்தால். ஒற்றைப் பொருளில் செய்த எந்த வில்லையிலும் வரும். குமிழியை மறந்துவிடுங்கள், கண்ணுக்கு அவ்வளவு அருகில் இருப்பது பார்வையில் தெரியவே தெரியாது.

கண்வலிதான் எனக்கு இடிக்கிறது. தம்பி, இரண்டு லென்ஸையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் தடிமனாக இருக்கும். அது காது பக்கம் இருக்க வேண்டும், மெல்லிய ஓரம் மூக்குப் பக்கம். அப்புறம், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒவ்வொரு லென்ஸாக ஜன்னல் பிம்பத்தை விழவைத்து, அது தெளியும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். உத்தேசமாக 20 செ.மீ. வந்தால் லென்ஸின் திறன் 5 டையாப்டர். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தால் எவனோ நடுவில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறான்.

திருவாரூர்த்தேர்:
சரி, அக்ரிலிக் வேண்டாம். அக்ரோமாட் போடலாமே? கிரவுன், ஃபிளின்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடி லென்ஸ்களை ஒட்டிய ஜோடி. கோடு பெருமளவு அடங்கிவிடும்.

காவிரிக்கரை:
நம்ம ஊர் ஐப்பசி அடைமழையில் அதை எங்கே வைப்பீர்கள்? ஒற்றை வில்லையில் பூஞ்சை வந்தால் துடைத்துவிடலாம், கண்ணாடியை அரிப்பதற்குள் பார்த்துக்கொண்டால் போதும். ஒட்டுப் போட்ட ஜோடியில், அதுவும் கனடா பால்சம் என்ற மரப்பிசின் பூசிய பழைய ஜோடியில், ஒட்டு விட்டு உள்ளே படர்ந்தால் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டெல்டாவில் கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

குடந்தைவாசி:
பார்த்துவிட்டேன். தூரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இடது லென்ஸின் தடித்த ஓரம் மூக்குப் பக்கம் இருந்தது! யாரோ துடைக்கக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சரிசெய்ததும் கோபுரத்தின் நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி நிற்கின்றன. கண் வலிக்கவில்லை. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

திருவாரூர்த்தேர்:
பார்த்தீர்களா, கோடு இருக்கிறது!

காவிரிக்கரை:
இருந்துவிட்டுப் போகட்டும். 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் எடுத்த இரட்டைப் படங்களை அந்தக் காலத்து ஆட்கள் இந்தக் கோட்டோடுதான் ரசித்திருப்பார்கள்.

திருவாரூர்த்தேர்:
அவர்களுக்கு வேறு கதியில்லை சார்.

மன்னைக் கண்ணாடிக்கடை:
தம்பி, அக்ரோமாட் ஆசை வந்தால் பழசை உடைக்காதீர்கள். அதே குவியத்தூரத்தில் இரண்டு வாங்கி, மையங்கள் 8 செ.மீ. தள்ளி வரும்படி புதுச் சட்டத்தில் மாட்டுங்கள். விட்டம் குறைந்தது 4 செ.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் கண் லென்ஸுக்கு வெளியே போய்விடும்.