ஒரே மாசத்துல நாவல், சரியா வருமா?

கரிசல்காட்டான்:
நவம்பர்ல 30 நாளைக்குள்ள 50,000 வார்த்தை எழுதி ஒரு நாவல் முடிக்கலாம்னு இருக்கேன், நானோரைமோங்கற (NaNoWriMo) நவம்பர் மாச நாவல் சவால் மாதிரியே. அதை நடத்தின அமைப்பை மூடப்போறதா 2025 மார்ச்ல அறிவிச்சுட்டாங்க, ஆனா எழுதறதுக்கு அமைப்பு எதுக்கு? 1999ல கிறிஸ் பேட்டி அந்த சவாலை சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஆரம்பிச்சப்ப மொத்தமே 21 பேருதான். ஒரு நாளைக்கு 1,667 வார்த்தை வருது. யாரு யாரு கூட வர்றீங்க?

திண்ணைவாசி:
தம்பி ஆர்வம் புரியுது, ஆனா வார்த்தை எண்ணிக்கை வச்சு நாவல் எழுதாதீங்க. சாயங்காலம் 1,200ல நிக்கும்போது மீதியை நிரப்ப தேவையில்லாத உரையாடல், தேவையில்லாத மழைன்னு கை தானா போகும், அதை அப்புறம் வெட்ட மனசு வராது. வேகம்தான் அளவுகோல்னா மெஷினே போதுமே, 2024ல அந்த அமைப்பு ஏஐக்கு சாதகமா பேசி எழுத்தாளர்கள்கிட்ட எவ்ளோ கோபத்தை வாங்குச்சுன்னு பாத்தோமே.

சன்னலோரம்:
சார், கோபப்பட்டவங்கள்ல நிறைய பேரு அந்த சவால்ல எழுதினவங்கதான், ஏன்னா தானே உக்காந்து எழுதறதுதான் அங்க முக்கியம். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி' நாவலை 1866 அக்டோபர்ல 26 நாள்ல முடிச்சாரு. நவம்பர் 1க்குள்ள குடுக்கலன்னா ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதறதையெல்லாம் ஸ்டெல்லோவ்ஸ்கிங்கற பதிப்பாளர் காசே குடுக்காம போட்டுக்கலாம்னு ஒப்பந்தம், கழுத்துல கத்தி. கெடு இருந்ததாலதான் அந்த புத்தகம் வந்துச்சு.

திண்ணைவாசி:
அம்மா அந்தக் கதையோட எண்ணம் அவருக்கு 1863லயே வந்துடுச்சு, நண்பருக்கு எழுதின கடிதத்துல இருக்கு. முதல் நாவல் வந்தே இருபது வருஷம் ஆயிருந்துச்சு, சூதாட்ட மேசைல அவரே காசை தொலைச்சவரு, எல்லாம் உள்ள ஊறிக் கிடந்துச்சு. அதுவும் அவர் சொல்லச் சொல்ல சுருக்கெழுத்துல எடுத்து எழுதினது அன்னான்னு ஒரு பொண்ணு, அடுத்த வருஷம் அவரோட மனைவியானவங்க, அந்த உழைப்பை ஏன் யாரும் கணக்குல எடுக்கறதில்ல?

சன்னலோரம்:
அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்! இங்கிலாந்து எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவும் தனக்கு பேர் வாங்கிக் குடுத்த 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' நாவலோட முதல் வரைவை நாலே வாரத்துல எழுதினாரு, அந்த நாலு வாரமும் சமையல் வீட்டு வேலை எல்லாம் அவர் மனைவி லோர்னா பாத்துக்கிட்டாங்க. எங்க வீட்ல அப்படி யாரு எனக்கு பாத்துக்கப்போறா? வருஷம் பூரா எழுதுன்னு சொன்னா என்னால முடியாது, ஆனா ஒரு மாசம் மட்டும் ராத்திரி சமையலை நீங்க பாருங்க நான் எழுதறேன்னு சொன்னா வீட்ல ஒத்துக்கறாங்க, ஏன்னா முடியற தேதி தெரியுது. அந்த தேதிக்காகத்தான் எனக்கு இந்த சவால் வேணும், வார்த்தை எண்ணிக்கைக்காக இல்ல.

பிழைதிருத்தி:
ஒன்னு சொல்லிக்கறேன், தமிழ்ல எழுதறவங்க 50,000ங்கறதை அப்படியே எடுத்துக்காதீங்க. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக'ன்னு நமக்கு ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அதுக்கு அஞ்சாறு வார்த்தை வேணும். இங்கிலீஷ்ல 50,000 சின்ன நாவல், தமிழ்ல அது நல்ல தடியான புத்தகம். 30,000 வச்சுக்கிட்டா போதும்.

திண்ணைவாசி:
இது சரி. சன்னலோரம் அம்மா சொன்ன நேரப் பிரச்சனையும் நியாயம், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அமெரிக்க எழுத்தாளர் எரின் மார்கென்ஸ்டெர்னோட 'தி நைட் சர்க்கஸ்' நாவலும் இந்த நவம்பர் சவால்லதான் தொடங்குச்சு, ஒரு நவம்பர்ல முடியல, பல வருஷம் திருத்தி 2011லதான் புத்தகமாச்சு. நவம்பர் 30ல கையில இருக்கறதை நாவல்னு சொல்லி டிசம்பர்லயே கிண்டில்ல ஏத்தறாங்க பாருங்க, நான் எதிர்க்கறது அதை.

கரிசல்காட்டான்:
சார் நான் ஏத்தமாட்டேன். 30,000னே வச்சுக்கறேன், ஆனா வேகத்தை விடறதா இல்ல, மெதுவா எழுதினா முதல் அத்தியாயத்தையே திருத்திக்கிட்டு இருப்பேன், முடிவு வரைக்கும் போகவே மாட்டேன். டிசம்பர் முழுக்க தொடாம வச்சுட்டு பொங்கலுக்கு அப்புறம் பிழைதிருத்திக்கு அனுப்பறேன், படிப்பீங்களா?

பிழைதிருத்தி:
அனுப்புங்க. முதல் மூணு அத்தியாயம் மட்டும்.